உள்ளே மாட்டிய ஹார்ட் டிஸ்க் திறக்கவில்லை: ஃபார்மேட் பட்டனைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வியின் சாரம் இது. டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஒரு எஸ்எஸ்டியில் ஓடுகிறது. கூடவே 2 டிபி சாட்டா ஹார்ட் டிஸ்க் ஒன்று டி டிரைவாக இருந்தது. இப்போது அது சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. தெரிகிற நாளில் திறக்கப் போனால், முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்கிறது. உள்ளே வேறெங்கும் நகல் இல்லாத படங்களும் கணக்குக் கோப்புகளும் இருக்கின்றன.

அந்தப் பெட்டியில் கேன்சல் கொடுங்கள். நகல் எடுத்து முடியும் வரை அந்த டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுதக் கூடாது. கீழே வரும் எல்லாமே இந்த ஒரு விதியை ஒட்டித்தான்.

கேள்வியிலேயே பெரிய துப்பு ஒன்று இருக்கிறது: சில நாள் தெரிகிறது, சில நாள் இல்லை. கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பான ஃபைல் சிஸ்டம் மட்டும் கெட்டிருந்தால் அது தினமும் கெட்டதாகவே இருக்கும். ஒரு நாள் காணாமல் போய் மறுநாள் தலைகாட்டாது. இப்படி வந்து வந்து போவதற்குக் காரணம் கேபிளாக இருக்கலாம், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸாக இருக்கலாம், டிஸ்க்கின் அடியில் இருக்கும் சர்க்யூட் போர்டாக இருக்கலாம், இல்லையென்றால் டிஸ்க்கே சாகத் தொடங்கியிருக்கலாம். அதனால் ரிகவரி சாஃப்ட்வேரைத் தேடி இறக்குவதற்கு முன்னால் சிபியு பெட்டியின் மூடியைக் கழற்றுங்கள்.

தொடக் கூடாத மூன்று

முதலாவது, ஃபார்மேட். குவிக் ஃபார்மேட் எதையும் முழுசாக அழிப்பதில்லை என்று பலரும் தைரியம் சொல்வார்கள். பாதி உண்மை. விண்டோஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டை எம்எஃப்டி என்பார்கள். விண்டோஸில் ஃபார்மேட் செய்த பெரிய பார்ட்டிஷன்களில் அது வழக்கமாகத் தொடக்கத்திலிருந்து 3 ஜிபி தள்ளி ஆரம்பிக்கும். மறுபடி ஃபார்மேட் செய்தால் புதுப் பதிவேடும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். பழையதன் தலைப்பகுதி போய்விடும். குவிக் என்ற டிக்கை எடுத்துவிட்டுச் செய்தால் கதை அதோடு முடிந்தது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மேட் என்றால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதுவது.

இன்னொரு கண்ணி எஸ்எம்ஆர் டிஸ்க்குகள். தடங்களை ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறும்படி எழுதும் இந்த வகை, விலை குறைந்த 2 டிபி முதல் 6 டிபி வரையிலான டிஸ்க்குகளில் நிறையவே புழங்குகிறது. தன்னுடைய ரெட் வரிசையில் சில மாடல்கள் இந்த வகைதான் என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020ல் ஒப்புக்கொண்டது பலருக்கும் நினைவிருக்கும். இவற்றில் சில, எஸ்எஸ்டியைப் போலவே, இந்த இடத்தில் உள்ளது இனி வேண்டாம் என்று சொல்லும் டிரிம் கட்டளையை ஏற்கும். குவிக் ஃபார்மேட் செய்த உடனே விண்டோஸ் டிரிம் அனுப்பிவிட்டால், பழைய தரவு உள்ளே சுழலும் தட்டில் கிடந்தாலும் டிஸ்க் உங்களுக்குப் பூஜ்யத்தையே திருப்பித் தரும்.

இரண்டாவது, டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்ததும் வரும் இனிஷியலைஸ் பெட்டி. அது டிஸ்க்கின் தொடக்கத்தில், டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையைப் புதிதாக எழுதும். எழுதுவது சின்ன இடம்தான், மீட்டுவிடலாம். ஆனால் அந்தப் பெட்டி ஏன் வந்தது என்று யோசியுங்கள்: விண்டோஸால் டிஸ்க்கின் முதல் செக்டாரை (டிஸ்க் படிக்கும், எழுதும் சின்னத் துண்டு) படிக்க முடியவில்லை, அல்லது படித்ததில் அட்டவணை இல்லை. படிக்கவே முடியாத இடத்தில் எழுதப் போனால் பெரும்பாலும் ஐ/ஓ எரர் என்று முடியும். டிஸ்க்குக்கு ஒரு அடி கூடுதல்.

மூன்றாவதுதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது: செக்டிஸ்க். இணையத்தில் பாதிப் பதில்கள் இதைத்தான் முதல் மருந்தாக எழுதுகின்றன. செக்டிஸ்க்கின் வேலை ஃபைல் சிஸ்டத்தை முரண்பாடு இல்லாமல் ஆக்குவது. உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அதன் வேலை அல்ல. எம்எஃப்டியில் ஒரு பதிவைப் படிக்க முடியவில்லை என்றால் அதைக் கழித்துக் கட்டிவிடும். பெயரும் ஃபோல்டரும் இழந்த துண்டுகளை ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் கொட்டும். கேபிள் கோளாறால் தற்காலிகமாகப் படிக்க முடியாத பதிவும் இப்படிப் போய்விடும் என்பதுதான் கொடுமை. எந்த ஸ்விட்ச்சும் தராமல் ஓட்டினால் அது வெறும் பார்வைதான், எழுதாது. எஃப், ஆர் என்ற ஸ்விட்ச்களோடு ஓட்டும்போதுதான் ஆபத்து. பூட் ஆகும்போது டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன் என்று விண்டோஸ் தானாகவே தொடங்கினால், விநாடிகள் எண்ணிக் குறையும் அந்த நேரத்துக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தி நிறுத்துங்கள்.

காதால் ஒரு சோதனை

மூடியைக் கழற்றியபின் பெட்டியை ஆன் செய்து, டிஸ்க்கின் ஒலியைக் கேளுங்கள். நல்ல டிஸ்க் சில விநாடிகளில் ஒரே சீராக வேகம் பிடிக்கும், தட்டைப் படிக்கும் ஹெட் இறங்கும் சின்ன சத்தம் ஒன்று வரும், பிறகு அடங்கும். டிக், டிக், டிக் என்று ஒரே இடைவெளியில் பல முறை தட்டிவிட்டு மோட்டார் நின்றால், ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது என்று பொருள். மெல்லிய பீப் அல்லது முனகல் மட்டும் வந்தால் ஹெட் தட்டில் ஒட்டியிருக்கும், இல்லை மோட்டார் இறுகியிருக்கும். இந்த இரண்டு சத்தத்தில் எது வந்தாலும் உடனே அணைத்துவிட்டு, கடைசியில் தரவு மீட்பு லேபைப் பற்றிய பகுதிக்குப் போங்கள். எந்த சாஃப்ட்வேரும் இதற்கு மருந்து அல்ல. ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டில் கோடு விழலாம்.

ஃப்ரீசரில் வைத்து எடுப்பது, மூடியைத் திறந்து ஹெட்டை விரலால் நகர்த்துவது என்று காணொளிகள் உலவுகின்றன. ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளி. ஃப்ரீசரிலிருந்து எடுத்த உலோகத்தில், அதுவும் நம் ஊர்க் காற்றில், வேர்க்கும் ஈரம் அதைவிடப் பல மடங்கு தடிமன்.

ஒரு சத்தமும் இல்லை, கையை வைத்தால் அதிர்வும் இல்லை என்றால் டிஸ்க்குக்கு மின்சாரமே வரவில்லை, இல்லை போர்டு போயிருக்கிறது. சத்தம் இயல்பாக இருந்தால் நிம்மதி; அடுத்ததாகக் கேபிள்.

கேபிளும் எஸ்எம்பிஎஸ்ஸும்

பெட்டியை அணைத்து, பவர் கார்டைச் சுவரிலிருந்து எடுத்து, ஆன் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். டிஸ்க்கில் இரண்டு கேபிள் இருக்கும்: குறுகலான 7 பின் டேட்டா கேபிள், அகலமான 15 பின் பவர் கேபிள். பழைய சிவப்பு டேட்டா கேபிள்களில் பூட்டும் கிளிப் இருக்காது. ஃபேன் அதிர்விலேயே மெல்ல மெல்லக் கழன்றுவிடும். கழற்றி மாட்டிப் பார்ப்பது போதாது. உலோக கிளிப் வைத்த புதுக் கேபிள் ஒன்று வாங்கி, மதர்போர்டில் வேறொரு சாட்டா போர்ட்டில் மாட்டுங்கள். கூர்மையாக மடிக்க வேண்டாம்.

பவர் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். மூன்றரை அங்குல டிஸ்க் மோட்டாருக்கு 12 வோல்ட், போர்டுக்கு 5 வோல்ட் எடுக்கும். சுழலத் தொடங்கும் முதல் சில விநாடியில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். வயதான எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த நேரத்தில் மின்னழுத்தம் சரிந்து டிஸ்க் எழாது. ஆன் செய்தால் தெரியவில்லை, ரீஸ்டார்ட் செய்தால் தெரிகிறது என்ற புகாருக்குப் பின்னால் அடிக்கடி இதுதான் இருக்கும். ரீஸ்டார்ட்டில் மோட்டார் ஏற்கனவே சுற்றிக்கொண்டிருக்கிறதே. மல்டிமீட்டர் இருந்தால் கறுப்பு வயரைத் தரையாக வைத்து அளக்கலாம்: மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை இருக்க வேண்டும். ஒரு பவர் கனெக்டரை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டிருந்தால் கழற்றிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வரும் வேறொரு கனெக்டரில் மாட்டுங்கள். பழைய நான்கு பின் மோலெக்ஸ் பவர் கனெக்டரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவான வார்ப்பு அடாப்டர்கள் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. தவிர்க்க முடியாவிட்டால் வயர்கள் தனித்தனியாகப் பதித்திருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கழற்றி மாட்டும் மாடுலர் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு எச்சரிக்கை. டிஸ்க் பக்கம் கனெக்டர் எல்லா நிறுவனத்திலும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கம் அப்படி இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளில்கூட பின் வரிசை மாறும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிளைப் புதியதில் மாட்டினால், 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க் போர்டு அந்த நொடியே எரியலாம். அண்மையில் எஸ்எம்பிஎஸ் மாற்றிய பிறகு டிஸ்க் போயிருந்தால் முதல் சந்தேகம் இதுவே.

அப்படி எரிந்ததற்கு ஒரு தெளிவான அடையாளம்: டிஸ்க்கை மாட்டினால் கம்ப்யூட்டரே ஆன் ஆகாது, கழற்றினால் ஆகும். போர்டில் பவர் கனெக்டருக்குப் பக்கத்தில் டிவிஎஸ் டையோடு என்று பாதுகாப்புக்காக வைத்திருப்பார்கள். அதிக வோல்ட் வந்தால் தன்னை ஷார்ட் ஆக்கிக்கொண்டு மற்ற சிப்களைக் காப்பது அதன் வேலை. பல சமயம் ஷார்ட் ஆன டையோடை மட்டும் எடுத்துவிட்டால் டிஸ்க் எழும். ஆனால் அதன்பிறகு பாதுகாப்பு இல்லை. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டி நகல் எடுக்கும் வரைக்கும்தான். மொபைல் போர்டு வேலை செய்யும் டெக்னீஷியனால் இதைச் செய்ய முடியும். அதே மாடல் போர்டு வாங்கி மாற்றிப் போட்டால் ஓடும் என்று யாராவது சொன்னால், எட்டுக் கால் ரோம் சிப்பையும் மாற்ற வேண்டுமே என்று கேளுங்கள். அந்த ரோம், ரீட் ஒன்லி மெமரி. அதில் அந்தந்த டிஸ்க்கின் ஹெட்டுக்கென்றே அளந்து எழுதிய விவரம் இருக்கும். அது இல்லாமல் வேறு போர்டு போட்டால் டிஸ்க் டிக்கடிக்கத்தான் செய்யும்.

கடற்கரை ஊர்களில் இன்னொன்றும் நடக்கும். போர்டின் உட்பக்கம் ஹெட்டுக்கும் மோட்டாருக்கும் போகும் தொடர்புத் தகடுகள் ஈரத்தால் கறுத்துப்போகும். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்குகளில் இது நன்றாகவே தெரிந்த கோளாறு. நட்சத்திர வடிவ ஸ்குரூ டிரைவரால் போர்டை மட்டும் கழற்றி, கறுத்த தகடுகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மாட்டினால் போதும். தட்டுகள் இருக்கும் அறையை இது திறப்பதில்லை. வந்து வந்து போகும் டிஸ்க்குக்குச் செய்து பார்க்கத் தகுந்த வேலை; வாரண்டி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

யுஎஸ்பி கூட்டிலிருந்து எடுத்து உள்ளே போடும் பெரிய டிஸ்க்கில் இரண்டு விசித்திரங்கள். வெளிப்புற டிரைவின் கூட்டை உடைத்து எடுத்த டிஸ்க் சில, பவர் கனெக்டரின் மூன்றாம் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் அணைந்தே கிடக்கும். அதை ஒரு ரீசெட் சமிக்ஞையாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பின்னை மின்சாரம் கடத்தாத கேப்டான் டேப்பால் மூடினால் எழுந்துவிடும். இரண்டாவது, சில யுஎஸ்பி கூடுகள் 512 பைட் செக்டாரை 4096 பைட் செக்டாராக மாற்றிக் காட்டும். அந்தக் கூட்டில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கைக் கழற்றி நேராக சாட்டாவில் மாட்டினால், கணக்கு எட்டு மடங்கு தப்பி, வெறும் டிஸ்க்கைப் போலத் தெரியும். டிஸ்க்கில் ஒரு கோளாறும் இருக்காது. பழைய கூட்டிலேயே போட்டால் திறக்கும்.

பயாஸில் என்ன தெரிகிறது

ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால், விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸ் திறக்கும். சாட்டா பட்டியலில் டிஸ்க்கின் மாடல் எண்ணும் கொள்ளளவும் சரியாக இருக்கிறதா பாருங்கள். பெயர் வருகிறது, கொள்ளளவு பூஜ்யம் அல்லது அபத்தமான எண் என்றால், டிஸ்க்கின் சொந்த உள் மென்பொருளான ஃபர்ம்வேர் தட்டில் இருக்கும் தன் பகுதியைப் படிக்க முடியாமல் நிற்கிறது. 2009 தொடக்கத்தில் சீகேட் பாராகுடா 7200.11 டிஸ்க்குகள் கூட்டம் கூட்டமாக இப்படித்தான் மாட்டிக்கொண்டன. தட்டும் ஹெட்டும் நன்றாக இருக்க, ஃபர்ம்வேர் பிழையால் டிஸ்க் பயாஸிலிருந்தே மறைந்தது. இது லேப் வேலை. பணம் குறைவாக ஆகும் வகை.

பட்டியலிலேயே இல்லை, ஆனால் சுற்றுகிறது என்றால் இரண்டு கேள்வி. அண்மையில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி ஏதாவது மாட்டினீர்களா? பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பகிரும், எம்.2 நிரம்பினால் அந்த போர்ட் செத்துவிடும். எந்த போர்ட் என்பது மதர்போர்டு கையேட்டில் இருக்கும். அடுத்து, கடிகாரம் பின்னோக்கிப் போயிருக்கிறதா? அப்படியானால் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, பயாஸ் தன் ஆரம்ப அமைப்புக்குத் திரும்பியிருக்கும். டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோட் ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ, மறுபக்கமோ மாறியிருக்கலாம். பழையபடி மாற்றுங்கள். முன்பு என்ன இருந்தது என்று தெரியாமல் சும்மா மாற்றிப் பார்த்தால் விண்டோஸே நீலத் திரையில் நிற்கும். திரும்ப மாற்றினால் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம்.

விண்டோஸில் படிக்க வேண்டியது

விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். கீழ்ப்பாதியில் டிஸ்க் எப்படித் தெரிகிறது என்பதுதான் நோயின் பெயர். ஹெல்தி என்று இருக்கிறது, டிரைவ் எழுத்து மட்டும் இல்லை என்றால், வலது சொடுக்கி எழுத்து கொடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. ஆஃப்லைன் என்று இருந்தால், குளோன் செய்த டிஸ்க்கும் மூலமும் ஒரே கையெழுத்து எண்ணோடு சேர்ந்து இருப்பது வழக்கமான காரணம். எது எது என்று உறுதி செய்தபின் ஆன்லைன் கொடுக்கலாம். ஃபாரின் என்றால் வேறு விண்டோஸில் டைனமிக் டிஸ்க்காக ஆக்கியது, இம்போர்ட் செய்ய வேண்டும். ரா என்று இருந்தால் பார்ட்டிஷன் அட்டவணை நன்றாக இருக்கிறது, உள்ளே ஃபைல் சிஸ்டம் புரியவில்லை. ஃபார்மேட் கேட்கும் உங்கள் டிஸ்க் அநேகமாக இப்படித்தான் இருக்கும். அன்அலொகேட்டட் என்று கறுப்புக் கோடு முழுக்க ஓடினால் அட்டவணையே போயிருக்கிறது. ஜிபிடி என்ற புதிய வகை அட்டவணை உள்ள டிஸ்க்கில் அதன் இரண்டாம் பிரதி டிஸ்க்கின் கடைசியில் இருக்கும், அதனால் நம்பிக்கை உண்டு.

3 டிபி டிஸ்க் திடீரென்று 746 ஜிபி என்று காட்டினால் டிஸ்க் கெடவில்லை. பழைய இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவர் 2 டிபிக்கு மேல் எண்ணத் தெரியாமல் மிச்சத்தை மட்டும் காட்டுகிறது. டிரைவரைப் புதுப்பித்தால் போதும். அந்த நிலையில் எழுதினால்தான் விபரீதம்.

அடுத்து கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் எண்களைப் பாருங்கள். மேலே வரும் குட், காஷன் என்ற ஒற்றைச் சொல்லை நம்ப வேண்டாம். அந்த மென்பொருள் ரா வேல்யூஸ் என்ற அசல் எண்ணிக்கைகளை (மேலே சொன்ன ரா வேறு) பதினாறடிமான எண்ணில் காட்டும்; மெனுவில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டு நான்கு வரிகளைப் படியுங்கள். 5 ஆம் எண், கெட்டதால் மாற்று இடம் கொடுத்த செக்டார்கள். 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198, கைவிட்டவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும்; 197 சில பத்து என்றாலே நகல் எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். 199 மட்டும் தனி ஜாதி. அது கேபிள் வழியில் தரவு சிதைந்த எண்ணிக்கை. ஒருமுறை ஏறினால் இறங்காது. அதனால் எண் பெரிதா சிறிதா என்பதல்ல கேள்வி, கேபிள் மாற்றிய பிறகும் ஏறுகிறதா என்பதே. மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்து 199 மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தால் மனம் மகிழலாம்: குற்றவாளி ஐம்பது நூறு ரூபாய்க் கேபிள்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாகும் இதையே வேறு வார்த்தையில் சொல்லும். 7 என்ற எண் கெட்ட பிளாக். 129, 153 இரண்டும் டிஸ்க் பதில் சொல்லாமல் விண்டோஸ் மறுபடி மறுபடி கேட்டது. கேபிளாகவும் இருக்கலாம், டிஸ்க்காகவும் இருக்கலாம். 157 ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் கழன்றது. பவர் பக்கம் பாருங்கள். 55 என்டிஎஃப்எஸ் சிதைவு. 129 முதலில், 55 பின்னால் என்ற வரிசையில் இருந்தால், தொடர்பு அறுந்ததால்தான் ஃபைல் சிஸ்டம் சிதைந்தது என்று கதை முழுதாகத் தெரிந்துவிடும்.

நகல்

கேபிள் மாற்றியதும் டி டிரைவ் தானாகத் திறந்துவிட்டால், ஸ்மார்ட்டும் சுத்தமாக இருந்தால், வேறொரு டிஸ்க்குக்குச் சாதாரணமாகக் காப்பி செய்துவிடுங்கள். 197 ஏறியிருந்தாலோ ரா என்றே நின்றாலோ எக்ஸ்ப்ளோரரில் காப்பி போடுவது தவறு. அது ஒரு கெட்ட செக்டாரில் மாட்டி மணிக்கணக்கில் டிஸ்க்கைத் தேய்க்கும். செக்டார் செக்டாராக முழு டிஸ்க்கையும் நகல் எடுக்க வேண்டும்.

அதற்குச் சிறந்தது குனு டிடிரெஸ்க்யூ. சிஸ்டம் ரெஸ்க்யூ என்ற லினக்ஸை ஒரு பென் டிரைவில் எழுதி அதில் பூட் செய்தால் டிடிரெஸ்க்யூ, டெஸ்ட்டிஸ்க், ஸ்மார்ட் பார்க்கும் கருவி எல்லாம் உள்ளேயே இருக்கும். பழைய டிஸ்க்கை மவுன்ட் செய்யாதீர்கள், அதாவது கோப்பு பார்க்க லினக்ஸில் திறக்காதீர்கள். நகல் போகும் டிஸ்க் மூலத்தைவிட ஒரு செக்டார்கூடக் குறையக் கூடாது. 2 டிபிக்கு 4 டிபி வாங்கி, அதில் ஒரே இமேஜ் கோப்பாக எடுப்பது வசதி. அந்தப் புது டிஸ்க் ஃபேட்32 ஆக இருக்கக் கூடாது, 4 ஜிபிக்கு மேல் கோப்பு ஏறாது. எது மூலம், எது இலக்கு என்பதை சீரியல் எண்ணை வைத்து இரண்டு முறை சரிபாருங்கள். இடம் மாறினால் வெற்று டிஸ்க் உங்கள் படங்களின் மேல் ஏறிவிடும், மீட்பே இல்லை.

முதல் சுற்றில் ஸ்கிரேப் வேண்டாம் என்ற விருப்பத்தைக் கொடுங்கள். சுலபமாகப் படியும் இடங்களை எல்லாம் முதலில் அள்ளிவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய்விடும். பெரும்பாலான டிஸ்க்குகளில் 99 சதவீதத்துக்கு மேல் இந்தச் சுற்றிலேயே வந்துவிடும். பிறகு, எது படிந்தது என்று டிடிரெஸ்க்யூ குறித்துவைக்கும் அதே மேப் ஃபைலைக் கொடுத்து, மூன்று மறு முயற்சியோடு இரண்டாம் சுற்று. அதற்குப் பின் பின்னாலிருந்து முன்னால் வரும் ரிவர்ஸ் சுற்று. மேப் ஃபைல் இல்லாமல் தொடங்காதீர்கள். கரண்ட் போனாலும், டிஸ்க் நடுவில் தொங்கினாலும், விட்ட இடத்திலிருந்து தொடர அதுதான் வழி. நல்ல நிலையில் உள்ள 2 டிபி டிஸ்க் விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் 4 மணி நேரத்துக்குள் முடியும். வேகம் கேபியில் தவழ்ந்தால், அல்லது சத்தம் மாறினால், நிறுத்திவிட்டு லேபை யோசியுங்கள். ஓடும் நேரம் முழுக்க டிஸ்க்குக்கு நேராக ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள். 50 டிகிரி தாண்ட விடாதீர்கள்.

ராவிலிருந்து கோப்புகள்

இனி எல்லா வேலையும் நகலில்தான். டெஸ்ட்டிஸ்க்கில் இமேஜைத் திறந்து, அனலைஸ், பிறகு குவிக் சர்ச் கொடுங்கள். பார்ட்டிஷன் கிடைத்ததும் பி விசையைத் தட்டினால் உள்ளே உள்ள கோப்புகளின் பட்டியல் வரும். பெயர்கள் சரியாகத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அங்கிருந்தே சி விசையால் வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்யலாம், எதையும் எழுதிச் சரிசெய்ய வேண்டிய தேவையே இல்லை. பட்டியல் வரவில்லை என்றால் அட்வான்ஸ்டு, பூட் என்று போங்கள். என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டாரின் பிரதியைப் பார்ட்டிஷனின் கடைசி செக்டாரில் வைத்திருக்கிறது. முன்னது கெட்டு, பின்னது நன்றாக இருந்தால், பேக்கப் பிஎஸ் என்ற ஒரு விருப்பத்தில் ரா மறைந்து டிரைவ் திறக்கும். ரா ஆன டிஸ்க்குகளில் இது கொடுக்கும் சந்தோஷம் தனி. எம்எஃப்டியின் முதல் நான்கு பதிவுகளுக்கும் தனிப் பிரதி உண்டு. ரிப்பேர் எம்எஃப்டி அதை வைத்துத்தான் வேலை செய்கிறது.

எம்எஃப்டியே சிதைந்திருந்தால் கடைசிப் புகலிடம் ஃபோட்டோரெக். அது ஃபைல் சிஸ்டத்தைப் பார்க்காது. ஜேபெக், பிடிஎஃப் என்று ஒவ்வொரு வகையின் தொடக்க பைட்டுகளைத் தேடிக் கோப்பாகப் பிய்த்து எடுக்கும். பெயரும் ஃபோல்டரும் திரும்பாது. படங்கள் நன்றாகவே வரும். துண்டு துண்டாக எழுதப்பட்ட பெரிய வீடியோக்கள் பலவும் ஓடாது.

அனுமதி இல்லை என்று சொன்னால்

இது வேறு நோய். டிஸ்க் திறக்கிறது, ஃபோல்டர் மட்டும் ஆக்சஸ் டினைடு என்றால், பெரும்பாலும் பழைய விண்டோஸின் பயனர் பெயரில் கோப்புகள் இருக்கின்றன. ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு போய் ஓனரை உங்கள் பெயருக்கு மாற்றி, உட்ஃபோல்டர்களுக்கும் என்ற டிக்கைப் போடுங்கள். விண்டோஸ் இருக்கும் சி டிரைவின் வேரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

பூட்டுப் படம் போட்டு, விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் கேட்டால் 48 இலக்க ரிகவரி கீ வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. விண்டோஸ் 11ல் கேட்காமலே என்க்ரிப்ஷன் ஆன் ஆகும் கம்ப்யூட்டர்கள் இருப்பதால், நான் போடவே இல்லையே என்பவர்களும் அங்கே ஒருமுறை பாருங்கள். கீ இல்லை என்றால் எந்த லேபாலும் முடியாது. டிஸ்க்கை லினக்ஸில் மவுன்ட் செய்து எழுத முடியவில்லை என்றால், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அதைப் பாதித் தூக்கத்தில் விட்டிருக்கிறது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும்.

லேபுக்குப் போவதென்றால்

டிக்கடிக்கும், முனகும், பயாஸில் தப்பாகத் தெரியும் டிஸ்க்குகளுக்கு இதுதான் வழி. போவதற்கு முன் வேறு யாரிடமும் திறக்கக் கொடுக்காதீர்கள். வழியில் திறந்த டிஸ்க்கை நல்ல லேப்கள் எடுக்கத் தயங்கும், எடுத்தாலும் கட்டணம் ஏறும். மூன்று கேள்வி கேளுங்கள்: தூசியற்ற அறை உங்களிடமே இருக்கிறதா, இல்லை வேறு ஊருக்கு அனுப்புவீர்களா? கோப்புப் பட்டியலைக் காட்டிய பிறகுதான் பணமா? மீட்கவில்லை என்றால் கட்டணம் உண்டா? எந்தச் சத்தம் வந்தது, அதன்பிறகு எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள், செக்டிஸ்க் ஓட்டினீர்களா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஹெட் மாற்ற வேண்டியிருந்தால் அதே குடும்பத்து டிஸ்க் ஒன்றைப் பலி கொடுக்க வேண்டும். செலவு பெரும்பாலும் அங்கேதான் ஏறுகிறது.

கோப்புகள் எல்லாம் வேறு டிஸ்க்குக்கு வந்து, திறந்து பார்த்து உறுதி செய்தபின் பழைய டிஸ்க்கை என்ன செய்வது? வாரண்டி இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் இப்போது அந்த முழு ஃபார்மேட்டை ஒருமுறை ஓட்டலாம். அது எல்லா இடத்திலும் எழுதுவதால், 197ல் காத்திருந்தவை ஒன்று சரியாகும், இல்லை 5 ஆம் எண்ணுக்கு நகரும். 197 பூஜ்யத்துக்கு இறங்கி, 5 அப்படியே நின்றால், இழந்தாலும் கவலையில்லாத சினிமாக்களுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் பார்க்கும்போது 5 ஏறியிருந்தால் கழற்றிவிடுங்கள்.